பதினொரு வீட்டு மோர்

அன்புள்ள டீச்சர்,

இன்று மதியம் பக்கத்து வீட்டம்மாள் பெருங்காயம் போட்ட மோர் ஒரு சொம்பு கொடுத்துவிட்டுப் போனாள். வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஏப்பம்தான் ஞாபகம் வந்தது. போய்ச் சேர்ந்தவரை இப்படியா நினைப்பது என்று கோபிக்காதீர்கள். உங்களை அழுதுகொண்டே நினைக்க எனக்கு வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ராசிபுரம் நெசவாளர் தெருவில் நம் பெண்கள் பள்ளி. இருபது பிள்ளைகள், நாம் இரண்டு டீச்சர்கள். நீங்கள் திருநெல்வேலிப் பக்கம். பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்தவர். நான் எட்டாவதோடு ஒட்டிக்கொண்ட உள்ளூர்க்காரி. வந்த வாரமே பெற்றோரைப் பார்க்கப் புறப்பட்டீர்கள். முதல் நாள் போன பதினொரு வீட்டிலும் சொம்பை நீட்டினார்கள். "வேண்டாம்" என்று கையைக் காட்டிவிட்டு, நின்றபடியே பிள்ளையின் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசினீர்கள். மாணவி வீட்டில் கை நனைத்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரிலோ தண்ணீரை மறுத்தால் அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம். மறுநாள் அந்தப் பதினொரு பேரும் வரவில்லை. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் அம்மாள் வருவதாக இருந்தது. பாதி வகுப்பு காலியாகக் கிடந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கண் கலங்கக் கேட்டீர்கள். அப்போதுதான் சொன்னேன். "ஒரு ஊட்டுல குடிச்சாத்தானுங்க பாரபட்சம்? எல்லா ஊட்டுலயும் குடிச்சுப்போடுங்க."

அன்று மதியமே கிளம்பினோம். மோர், பானகம், கருப்பட்டிக் காபி, கம்மங்கூழ், மறுபடியும் மோர். ஏழாவது வீட்டு வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தனை வீடு கெடக்கு?" என்று முனகினீர்கள். கடைசி வீட்டுக்காரி ராட்டையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"எங்கூட்டுத் தண்ணிதான் உங்களுக்கு எறங்காதுங்களே" என்றாள்.

நீங்களாகவே கேட்டு வாங்கி, பெருங்காயம் போட்ட மோர் ஒரு சொம்பு முழுவதையும் அண்ணாந்து குடித்தீர்கள். அப்போது வந்தது அந்த ஏப்பம். தறியில் இருந்த அவள் புருஷன் நெய்வதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"வயிறு நெறைஞ்சுதுங்களா சாமி? நாளைக்கே புள்ளைய அனுப்பறனுங்க."

பள்ளி பிழைத்தது. இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், உங்கள் எதிரிலேயே. ஒன்றை மட்டும் சொன்னதில்லை. முதல் தடவையும் நான் உங்களோடு வந்தேனே. முதல் வீட்டில் நீங்கள் கையைக் காட்டியபோதே இது பகையில் போய் முடியும் என்று எனக்குத் தெரியும். மற்றப் பத்து வீட்டுக்கும் வாயைத் திறக்காமல் உங்கள் பின்னாலேயே வந்தேன். உங்கள் சான்றிதழ் என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மாள் திரும்பிப் போன அன்று என் கையைப் பிடித்து, "நீங்க கூட இருந்ததாலதான் தப்பிச்சேன்" என்றீர்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்னும் கூசுகிறேன், டீச்சர்.