ஒரு பொருளுக்கு ஓர் இடம்

சூலை 3, 1998

வண்ணார்பேட்டைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி இடையில் செத்துவிட்டது. வெறுந்தொண்டையால் பேசி முடித்தேன். இன்று குரல் கரகரக்கிறது.

எங்கள் பொருநைத் தமிழ் மன்ற நூலகத்தின் கணிப்பொறிக்காக நான் வகுத்துவந்த பொருள்மரம் நிறைவுற்றது. எல்லா நூல்களுக்கும் தூய தமிழில் தலைப்பு, தலைப்பின்கீழ்க் கிளை, கிளையின்கீழ்க் கொம்பு. ஒரு பொருளுக்கு ஓர் இடம். அதுவே என் நெறி. பத்தொன்பதாம் நாள் வெளியீடு. தலைமை, என் நெடுநாள் மேடைத் துணைவர், மேலப்பாளையத்துப் பாவலர் காஜா முகைதீன் அண்ணன். மறுநாளே கிளை நூலகங்களில் அடுக்குகள் மாறும். பழைய நூற்பட்டியல் அட்டைகள் எரிக்கப்படும்.

சூலை 6

சாரல். மிளகுப்பால். வேறொன்றுமில்லை.

சூலை 8

நூலகத்துக்குப் போயிருந்தேன்.

நூலகர் சாலோமி என்னைக் கணிப்பொறிமுன் அமர்த்தினாள். 'தமிழிலக்கியம்' என்று தட்டினாள். சைவப் பாடல், வைணவப் பாடல், எல்லாம் திரையில் வந்து நிறைந்தன.

"இப்ப எங்க கிறிஸ்தவக் கீர்த்தனைகளத் தேடுங்கம்மா."

இல்லை. 'பிற சமயங்கள்' என்னும் கொம்பில் கிடந்தன. அருகிலேயே காஜா அண்ணனின் இசுலாமியப் பாடல் நூல்.

"நாங்க கோயில்ல பாடுதது தமிழ் இல்லியாம்மா? நீங்க பேசுததக் கேட்டுத்தான் நான் தமிழே எடுத்துப் படிச்சேன்."

பிற. அந்தச் சொல்லை எழுதியது யார் கை? என் கைதான். யாரும் சொல்லித் தரவில்லை. தமிழுக்குச் சமயமில்லை என்று எத்தனை மேடைகளில் முழங்கியிருப்பேன் — மேசைக்கு வந்ததும் எனக்கு என்ன ஆச்சு? எழுதும்போது உறுத்தக்கூட இல்லையே.

சூலை 10

மாற்றிவிட்டேன். கீர்த்தனைகளும் காஜா அண்ணன் பாடல்களும் இனி இலக்கியக் கிளையில். சாலோமி முகம் மலர்ந்தாள். அண்ணனிடம் நேரில் சொல்ல வேண்டும்.

சூலை 12

மகிழ்ச்சி சொல்லப் போன இடத்தில் இடி விழுந்தது.

அண்ணன் முழுதும் கேட்டார். தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "எங்க தெருப் பொம்பளைங்க லைப்ரரிக்கு வாறதே இந்தப் பாட்டுக்குத்தான், தங்கச்சி. மார்க்கம்னு எழுதுன அலமாரிக்கு நேராப் போவாங்க. இலக்கியம்னு போட்டா, பரீச்சைக்குப் படிக்கதுன்னு நெனச்சு பைய திரும்பிருவாங்க."

"தமிழ்ப் பந்தியில் உங்களுக்கு இலை போட்டிருக்கேன் அண்ணே" என்றேன்.

"பசிக்கான்னு கேட்டீங்களா? கேக்காமலே வெளிய தள்ளுனீங்க. இப்பக் கேக்காமலே உள்ள இழுக்கீங்க. எத்தன வருசம் ஒங்களுக்கு மைக்கப் பிடிச்சுக் குடுத்திருக்கேன். ஒரு நா எங்கிட்ட நீட்டியிருக்கீங்களா?"

வெளியீட்டுக்கு வரமாட்டாராம்.

பேருந்தில் யாரோ வணங்கினார். இறங்கிய பிறகுதான், திரும்ப வணங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

சூலை 13

சாலோமியிடம் கொட்டினேன். சமயத்தில் வைத்தால் உனக்குப் புண், இலக்கியத்தில் வைத்தால் அவருக்குப் புண். நான் எங்கே போவது?

"அலமாரியிலதாம்மா ஒரு எடம். புஸ்தகத்த ரெண்டாக் கிழிக்க முடியாதுல்லா? கம்ப்யூட்டருக்கு என்ன வந்தது? எத்தன தலைப்புல போட்டாலும் தாங்கும்."

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"நீங்க எங்கம்மா கேட்டீங்க?"

நேற்றும் இதே சொல். ஒரே இடம் வேண்டுமென்று அந்தப் பொறி கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

சூலை 15

வெளியீட்டை நிறுத்த வேண்டும் என்றேன். மன்றத் தலைவர் கோபாலசுப்பிரமணியன் தலையில் கைவைத்துக்கொண்டார். "அழைப்பிதழ் ஊர் பூராவும் போயாச்சு. இப்பப் போயி மரத்த வெட்டுதேங்கீங்களே அம்மா."

வெட்டவில்லை, இன்னும் நடவே இல்லை என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சூலை 19

வெளியிடவில்லை. நிறைந்த அவையில் எழுந்து, மரத்தைத் தவறாக வகுத்தேன் என்றேன். அட்டைகளை எரிக்க வேண்டா; அந்தந்த ஊர் நூலகம் தன் தலைப்புகளைத் தானே எழுதட்டும்; என் தலைப்புகளோடு அவையும் கணிப்பொறியில் இருக்கட்டும் என்றேன். கைதட்டலின்றி நான் அமர்ந்தது இதுவே முதன்முறை. தலைமை நாற்காலி கடைசிவரை வெறுமையாகவே இருந்தது.

ஆகசுட்டு 30

மேலப்பாளையத்துத் தலைப்புகள் வந்தன. காஜா அண்ணனின் கையெழுத்து. தம் நூலை மூன்று இடத்தில் வைத்திருக்கிறார். மார்க்கம். தாலாட்டு. மூன்றாவதாக, சின்ன எழுத்தில், இலக்கியம். எனக்கென்று ஒருவரிகூட இல்லை. ஆயினும் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விக்கிரமசிங்கபுரத்து ஆலைத் தொழிலாளர் நூலகத் தலைப்புகளும் வந்துள்ளன. என் உரைத் தொகுப்பைத் தேடினேன். நான் வைத்திருந்த 'சொற்கலை'யில் அவர்கள் அதை வைக்கவில்லை. 'கோபம்' என்று புதிதாக ஒரு தலைப்பு. அதன்கீழ் என் நூல் ஒன்றே ஒன்று.

சாலோமி என் முகத்தைப் பார்த்தாள். "மாத்தச் சொல்லட்டுமாம்மா?"

"வேண்டாம். ஏன்னு மட்டும் கேளு."