பக்கத்தில் ஆள் இல்லாத பெஞ்சு

நாள் 97, 09:40
செவ்வாய்ச் சுற்றுப்பாதை, தொடர்பு நிலையம். பணியில் ஒருவன்: நான், இளம்பரிதி. ஆன்டெனா சரி. காற்று சரி. உபரி வேலை: திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் வகுப்பைக் கேமராவில் பார்த்து, யார் பேசுகிறார், யார் சும்மா இருக்கிறார் என்று குறிப்பது. எப்படிப் படித்தால் தேறுகிறார்கள் என்று ஆய்வாம். குறுக்கே பேசாத ஆள் வேண்டுமாம். என் குரல் பூமிக்குப் போகவே இருபது நிமிடம். இதைவிட நல்ல ஊமை கிடைக்காது.

நாள் 101, 10:05
எஸ்தர் மேடம் பாடத்தைப் பாதியில் நிறுத்தி, "பக்கத்துல இருக்கவங்களுக்கு வெளக்குங்க" என்றார். வகுப்பு சந்தைக்கடை ஆனது. கடைசி பெஞ்சில் முத்துப்பேச்சி மட்டும் தனி.
மேடம் அவளிடம்: "ஆள் இல்லன்னா கேமராட்ட சொல்லுட்டி. அதுவாவது கொட்டாவி விடாது."
நான் அப்போது கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருந்தேன்.
"கேமரா அண்ணாச்சி, கேக்கீயளா? ஐஸ் உருக உருக அந்தத் தண்ணி சூடு ஏறிக்கிட்டே இருக்கும். சரியா?"
தப்பு. குறித்தேன்: முத்துப்பேச்சி பேசினாள்.

நாள் 108, 10:20
தினமும் அதே தப்பை அழகாக விளக்குகிறாள். யார் தேறுவார் என்று சொல்லும் ஆய்வின் கணிப்பு நிரல் அவளைச் சிவப்பில், தவறுவோர் பட்டியலில், போட்டுவிட்டது. இந்தத் தேர்விலும் தவறினால் கல்லூரியில் இடம் இல்லை. நான் வாய் திறந்தால் இணைப்பை வெட்டுவார்கள். அடுத்த கப்பல் வர எட்டு மாதம். அதுவரை இந்த வகுப்பை விட்டால் எனக்கு மனிதக் குரலே கிடையாது.

10:31
சே. அவள் மேசைத் திரைக்கு அனுப்பிவிட்டேன்: "தப்பு. ஐஸ் முழுசும் தீர்றவரை தெர்மாமீட்டரைப் பாரு. இதுக்கு மேல சொல்லமாட்டேன்."

நாள் 109, 08:15
தரைக்கட்டுப்பாடு, எழுத்தில்: "கவனிப்பாளர் தலையிட்டதால் தரவு செல்லாது. நாளைய வகுப்போடு இணைப்பு நிறுத்தப்படும்."
முத்துப்பேச்சி, நேற்று மாலை கேமராவிடம்: "அண்ணாச்சி, நெசமாவே ஆளா நீங்க? லேப்ல பாத்தேன். பாதரசம் நவுரவே இல்ல!"
இரண்டாவதை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

நாள் 110, 10:40
கடைசி வகுப்பு. அவள் பெஞ்சில் புதிதாகச் சேர்ந்த பெண், அமலி. முத்துப்பேச்சி அவளை விடவில்லை.
"எங்கப்பா மீன் பெட்டில ஐஸ் கெடக்க வரைக்கும் சூடு ஏறாது. அப்ப வெளிய இருந்து வார வெப்பமெல்லாம் எங்கட்டி போவுது? முழிக்காத, யோசி."
நிரல் முத்துப்பேச்சியைப் பச்சைக்கு மாற்றியது. அவள் ஒரு தடவைகூடக் கேமரா பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய தேவையும் இல்லை.
அமலி நகத்தைக் கடித்தாள். நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.
திரை கறுப்பு.

10:52
கறுப்பு.

14:30
ஆன்டெனா சரி. காற்று சரி.
இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும்: அமலி என்ன சொன்னாள்?