திறந்த போத்தல்

ஞாயிறு இரவு, ஆகஸ்ட் 1994, பிளேஸ்டோ, லண்டன்

பத்தாயிரம் மீற்றரில் வென்ற பெண்ணுக்கு இன்று நான்தான் காவல். ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும்வரை அவள் என் பார்வையை விட்டுப் போகக் கூடாது. முதல் மூன்று இடமும் அவளுடைய நாட்டுக்கே. கைதட்டல் அரைமனதாக இருந்தது. பின்வரிசையில் யாரோ கேலியாகக் கூவினார்கள்.

சோதனை அறையில் வெகுநேரம் அவளுக்குச் சிறுநீர் வரவில்லை. கூட இருந்த பயிற்சியாளர் மூடி திறந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நீட்டினார். அவள் வாங்கினாள், குடிக்காமல் என்னைப் பார்த்தாள். எதையும் கலந்திருக்கலாம் என்பதால் திறந்த போத்தலுக்கு அனுமதியில்லை என்று நான் அதை வாங்கி ஒதுக்கி வைத்தேன். அவர் அவளைத் தங்கள் மொழியில் ஏசினார். அவள் முகத்தில் ஆறுதல்தான் தெரிந்தது.

கழிப்பறையில் நாங்கள் இருவர் மட்டும். அரைகுறை ஆங்கிலத்தில், "இதில் எல்லாம் தெரிந்துவிடுமா?" என்று கேட்டாள். பயத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன். "தெரிந்துவிடும்" என்றேன். உடனே தலையாட்டிவிட்டு மாதிரியைத் தந்தாள்.

போத்தலையும் அவள் கேட்டதையும் சோதனை மருத்துவரிடம் சொன்னேன். "குடுவையில் இருப்பதை மட்டும்தான் நாங்கள் பார்ப்போம்" என்றார்.

வீட்டில் இவர் ஓட்டத்தை டிவியில் பார்த்திருக்கிறார்.

"அவையள் எல்லாரும் ஊசி ஏத்தித்தான் ஓடுகினம். உன்ர ஆள் பிடிபடுவாளோ?"

"எனக்குத் தெரியாதப்பா."

பிடிபட்டால் போதும் என்று அவளே நினைக்கிறாளோ என்னவோ. இதை இவரிடம் எப்படிச் சொல்வது? நாளைக் காலை அவர்களுக்கு விமானம். சோதனைப் படிவத்தில் அவள் கையெழுத்து வைக்கும்போது பார்த்தேன், அவளுடைய கடவுச்சீட்டு பயிற்சியாளரின் சட்டைப் பையிலிருந்துதான் வந்தது. திரும்ப அங்கேயே போனது.