நீ ஓகே சொன்ன ஷூ

நேற்று டியூட்டி முடிந்து வரும் வழியில் பஜாரில் ஒரு ஷூ கடைக்குள் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போகத் தட்டையாக ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் போனேன். கடைப் பெண் ஒரு பெட்டியைத் திறந்தாள். சொல்யூஷன் வாசனை குப்பென்று வந்தது. உன் துப்பட்டாவிலும் தலைமுடியிலும் டிபன் பையிலும் எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்த அதே பசை வாசனை.

"நம்ம ஆம்பூர்ல செஞ்சதுக்கா. ரன்னிங் மாடல். இப்ப இன்னும் சாஃப்டா வந்திருக்கு, பஞ்சு மாதிரி" என்று கட்டைவிரலால் அதன் அடிப்பாகத்தை அமுக்கிக் காட்டினாள். விரல் உள்ளே போய் வந்தது. "மூடு அந்தப் பெட்டிய" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்? நான் கத்தியது உன்னிடம். செத்துப்போனவள் மேல் இத்தனை நாள் கோபம் இருக்குமா என்று யாராவது கேட்டால், இருக்கும். கொஞ்சமும் குறையாமல் இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாம் சினேகிதிகளானதே இதே மாடலின் பழைய ஷூவால்தான். பாகாயத்தில் அடுத்தடுத்த தெரு என்றாலும் பேசியதில்லை. நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நீ ஆம்பூரில் வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஷூ செய்துகொடுக்கும் தொழிற்சாலையில், புது மாடல்களை முதலில் செய்து பார்க்கும் சாம்பிள் பிரிவில் இருந்தாய். சுகர் எட்டிப்பார்க்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியதால் விடியற்காலையில் நான் ஓட்டேரிச் சாலையில் நடக்க ஆரம்பித்திருந்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நீ தினமும் என்னைத் தாண்டி ஓடுவாய். ஒருநாள் நின்று திரும்பினாய்.

"இன்னா சிஸ்டர், இப்படியே அசைஞ்சி அசைஞ்சி எப்ப போய்ச் சேருவே? ஓடு."

என் செருப்பைப் பார்த்தாய். "இத்த போட்டுனு ஓடாத. பேஜாராயிடும். இரு, நான் கொணாரேன்."

அடுத்த வாரம் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாய். அளவு கேட்கவே இல்லை. "ஒனக்கும் எனக்கும் ஒரே சைஸ்தான். பாத்தாலே தெரியுது" என்றாய். போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

அந்த ஷூவில் அழகு என்று எதுவும் கிடையாது. சாம்பல் நிறம். முன்பக்கம் அகலம்; விரல்கள் ஐந்தும் விரிந்து உட்காரும். அடிப்பாகம் கெட்டி. ரோட்டில் ஜல்லி கிடந்தால் தெரியும், ஆனால் குத்தாது. குதிகாலைப் பிடித்துக்கொண்டால் விடாது. தேயத் தேய அதே மாடல், அதே நிறம் வாங்கிப் போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் நாம் ஓடினோம். என் சுகர் இறங்கியது அதில்தான். உன் வீட்டுக்காரர் உன்னையும் மகள் ஜெனியையும் விட்டுவிட்டுப் பெங்களூர் போய்த் திரும்பாத அந்த வருஷம் முழுக்க, நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஓடித் தீர்த்ததும் அதில்தான். நான் பக்கத்திலேயே ஓடினேன், மறந்துவிடாதே.

அப்புறம் மாடலை மாற்றினார்கள். பெயர் அதே, பெட்டி அதே. உள்ளே இருந்தது வேறு சாமான். முன்பக்கம் ஒடுங்கி, சுண்டுவிரலை நசுக்கியது. அடியில் மெத்தை மாதிரி ஏதோ ஒன்றை உயரமாக அடுக்கியிருந்தார்கள். குதிகால் பிடிப்பே இல்லை. போட்டு நின்றால், படகில் நிற்பதுபோல இருந்தது. அதையும் நீதான் கொண்டுவந்தாய்.

"இன்னாடி இது, கால் ஆடுது?" என்று கேட்டேன்.

"புச்சு இல்ல? பழகிடும். பழசு நின்னு போச்சு. இனிமே எல்லாருக்கும் இதான்."

"நீயும் இதான் போடுறியா?"

"பின்ன?"

அப்போது உன் கம்பெனி பஸ் நேரம் மாறியிருந்தது. நீ சாயங்காலத்தில் தனியாக ஓடினாய், நான் காலையில் தனியாக. உன் காலில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு வழியில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நீ சொன்னாய், நம்பினேன்.

ஓட்டேரிச் சாலை வளைகிற இடத்தில் தார் விளிம்பு கொஞ்சம் இறங்கும். எத்தனையோ முறை இறங்கி ஏறிய இடம். அன்று அந்த மெத்தை ஒருபக்கமாக அமுங்கியது, கணுக்கால் மடிந்தது. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. பால்காரர் ஒருவர் தூக்கி உட்காரவைத்தார். தசைநார் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தும் பழைய பலம் வரவில்லை. தியேட்டரில் மணிக்கணக்காக நிற்க வேண்டும், என்னால் முடியவில்லை. இருபது வருஷமாக நான் பெருமையாகச் செய்த வேலையிலிருந்து எடுத்து, சீட்டு பதியும் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ ஆப்பிள் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாய். ஷூதான் காரணம் என்று நான் சொன்னதும் உன் முகம் மாறியது.

"நீ கால் வெக்கிறதே கோணல்டி. நான் எப்பவோ கவனிச்சேன். சும்மா ஷூ மேல பழி போடாத."

"வெளிய போ" என்றேன். போனாய். அந்த வார்த்தைக்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அதன்பிறகு சர்ச்சில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே பாடினாய். பிறகு ஒருநாள் கம்பெனி பஸ் பள்ளிகொண்டா தாண்டும்போது ஜன்னலில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்று சொன்னார்கள். மாரடைப்பு.

நொண்டிக்கொண்டே வந்தேன். அடக்கம் முடிந்து, வீட்டு ஜெபத்துக்கும் வந்தேன். வந்தவர்களுக்கு விரிக்கப் பாய் எடுக்க ஜெனி பரண்மேல் கைவைத்தாள். பெட்டிகள் சரிந்து விழுந்தன. ஒன்று வாய் பிளந்து என் காலடியில் கிடந்தது. சாம்பல் நிறம், அகல முன்பக்கம். இன்னும் தாள்கூடப் பிரிக்காத பழைய மாடல். அதற்குப் பின்னால் இன்னும் பெட்டிகள். மூலையில், போட்டுத் தேய்ந்த ஒரு ஜோடியும் மண்ணோடு இருந்தது.

உன்னோடு வேலை செய்யும் லதா பக்கத்தில் இருந்தாள். "மாடல நிறுத்தறப்போ கடைசி லாட்ல அக்கா வாங்கி வெச்சிக்கினாங்க" என்றாள் சாதாரணமாக. நான்தான் துருவிக் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "புது மாடல ஓடிப் பாத்து ஓகே சொன்னதே அக்காதான். மொதல்ல, கால் நிக்கல, இது வேணாம்னுதான் சொன்னாங்க. வெளிநாட்டுக்காரன் கேக்கல. ஓகே பண்ணாட்டி ஆர்டர் வேற நாட்டுக்குப் போயிடும்னு சொல்லிட்டான். எங்க லைன் மொத்தமும் வீட்டுக்குப் போயிருக்கும் சிஸ்டர். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாங்க."

கால் நிற்கவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முன்னாலேயே, என்னைவிட நன்றாக.

கையெழுத்துப் போட்டதற்கு நான் உன்னைத் திட்டவில்லை. லதாவின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. உன் இடத்தில் நான் இருந்தாலும் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் ஆபீஸில் ஓகே சொன்ன வாயால் என் வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. "இத்த போடாதடி." யாருடைய வேலையும் போயிருக்காது. பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தரக்கூட வேண்டாம். நான் வேறு கம்பெனி ஷூவைத் தேடி வாங்கியிருப்பேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் உன் கையெழுத்து பொய் என்று ஒருத்திக்காவது தெரிந்துவிடும். அதற்குத்தான் பயந்தாய். அந்தப் பயத்துக்கு என் காலைக் கொடுத்தாய். கொடுத்ததோடு நிற்காமல், கோணல் என்று வேறு சொன்னாய். மன்னிக்கும்படி ஆயர் பிரசங்கம் செய்யும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெனி இப்போது காலேஜுக்குப் போகிறாள். உன் உயரம், உன் குரல், உன் காலளவும்கூட. காலையில் ஓடப் போகிறேன், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வர முடியுமா ஆன்ட்டி என்று கேட்டு வந்தாள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. அவள் ஓடுகிறாள், நான் பின்னால் இழுத்து இழுத்து நடக்கிறேன். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு எனக்காகத் திரும்பி வருகிறாள். உனக்கு அந்தப் பழக்கம் இருந்ததில்லை.

போன சனிக்கிழமை அப்படித் திரும்பி வந்தவள், மூச்சு வாங்கிக்கொண்டே தன் காலில் இருந்த சாம்பல் நிற ஷூவைப் பார்த்தாள். "சூப்பரா இருக்கு ஆன்ட்டி இது. அம்மா ஏன் இவ்ளோ வாங்கி வெச்சாங்க?"

"அவளுக்குப் புடிச்ச மாடல்."

"உங்களுக்கும் ஒரே சைஸ்தானே? உங்களுக்கு ஒண்ணு குடுத்திருக்கலாம் இல்ல?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். கையெழுத்து, கோணல், பரண் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அவளுக்கு மிச்சமிருப்பது நீ ஒருத்திதான். அந்த ஒருத்தியையும் என் கையால் உடைக்க மனம் வரவில்லை.

"குடுக்கறேன்னுதான் சொன்னா. நான்தான் வேணான்னுட்டேன்" என்றேன்.

நம்பிவிட்டாள். சிரித்துவிட்டு மறுபடி ஓடினாள். உனக்காக நான் சொன்ன முதல் பொய் அது. இனி அவள் கேட்கும்போதெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். இந்தக் கணுக்காலோடு சேர்த்து அதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.