குறட்டை என்று நினைத்தோம்

என் அண்ணா, எங்கள் வீட்டின் முதல் பிள்ளையே,

தம்பி பிழைத்துவிட்டான். நீங்கள் பதறக் கூடாது என்று இதை முதலில் சொல்கிறேன். இந்த நேரத்திலும் பிளேன்டீயில் சீனி காணாது என்று அம்மாவோடு சண்டை பிடிக்கிறான். அதைக் கேட்டபடிதான் எழுதுகிறேன்.

நீங்கள் எங்களை விட்டு ஒரேயடியாகப் போன அன்று அம்மா உங்கள் அறைக் கதவை மெதுவாகச் சாத்தினார். "கனநாளைக்குப் பிறகு பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுது" என்றார். ஹெரோயின் கூடிப்போனால் மூச்சு குறட்டை மாதிரித்தான் இழுபடும் என்று எங்களுக்கு யார் சொன்னது?

சனிக்கிழமை மத்தியானமும் தம்பியின் அறையில் அதே சத்தம். மூச்சு வருகிறதா என்று கைக்குழந்தை மகளின் மூக்கடியில் நாளெல்லாம் விரல் வைத்துப் பார்ப்பவள் நான், எனக்கே பிடிபடவில்லை. அப்போதுதான் உங்கள் கூட்டாளி, மாளிகாவத்தை ரியாஸ், கதவைத் தட்டினார். அவர் இன்னும் ஹெரோயினை விடவில்லை, பார்த்தாலே தெரிந்தது.

"மெதுவாக் கதையுங்கோ, குழந்தை நித்திரை."

"தம்பி எங்க, தங்கச்சி? கோல் எடுத்தேன், பேசுறானில்ல."

"அவனும் நித்திரைதான். குறட்டை கேக்குதெல்லோ? பிறகு வாங்கோ."

செருப்போடேயே உள்ளே ஓடினார்.

உங்களுக்குப் பிறகு ரியாஸுக்கு இது ஒரு வழக்கமாம், அண்ணா. ஹெரோயின் பாவித்துவிட்டு வீடு போனவனுக்குப் போன் எடுப்பார். பதில் இல்லையென்றால் நேரே வந்துவிடுவார், துரத்துகிற வீடாக இருந்தாலும்.

தம்பியின் உதடு நீலம். ரியாஸ் அவன் நெஞ்செலும்பை விரல்முட்டியால் அழுத்தி உரசினார், அசைவில்லை. தலையைச் சரித்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினார். அம்மா வாளியோடு வந்தார்.

"தண்ணி வாணாம்மா, மூச்சுத்தான் வேணும்! தங்கச்சி, அம்புலன்ஸுக்கு எடுங்க. ஹெரோயின்னே செல்லுங்க, ஒளிக்க வாணாம்."

பொலிஸ் வரலாம் என்று தெரிந்தும் போகவில்லை. அம்புலன்ஸ் வரும்வரை ஊதினார். ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார். ஊசி போட்ட பிறகு தம்பி கண் திறந்து, நடந்ததைக் கேட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்ர வாயிலயா ஊதினனீங்கள்? சீ!"

"வெங்காயச் சம்பலாடா திண்ட? அடுத்த முற பல்லு வெளக்கிட்டு மயங்கு!"

சிரித்தேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"உங்களுக்கு ஆர் கோல் எடுக்கிறது?" என்று ரியாஸிடம் கேட்டேன்.

"எனக்கா? ஒங்கட அண்ணன்தானே என்ட கூட்டாளி. இப்ப யாருமில்ல."

தம்பி சிகிச்சைக்குப் போவானா? ஓம் என்கிறான். நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் பயம். ஆனாலும் மூச்சு விடுகிறான், அண்ணா.

இனி ரியாஸுக்கு நான் போன் எடுப்பேன். அவர் பேசாவிட்டால் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாளிகாவத்தைக்கே போய்க் கதவைத் தட்டுவேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்களுக்கும், இப்போது அவருக்கும்,
தங்கச்சி