சட்னியில் அரைத்தது

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அசந்து தூங்கும் மனைவி எழிலை எழுப்ப முகமில்லாமல், கலையரசன் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து எழுதினான்.

"எழில், மாத்திரை வாங்கப் போறேன். அடுப்பு மேல கஞ்சி இருக்கு. நேத்து சட்னியக் கொட்டிட்டு மிக்ஸிய வெந்நீர்ல கழுவிட்டேன். அம்மா கீழ்பென்னாத்தூர்லேர்ந்து புது மல்லாட்டை எடுத்துட்டு வருது. பஸ் ஸ்டாண்டுலயே வாங்கி யாருக்காவது குடுத்துடறேன், ஒரு மல்லாட்டை கூட வீட்டுக்குள்ள வராது.

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா கூடத்துல உக்காந்திருக்காங்க. வீக்கம் திரும்பவும் வரலாம்னு டாக்டர் சொன்னாரு. உதடு தடிச்சாலோ மூச்சு முட்டினாலோ உடனே அவங்களக் கூட்டிக்கிட்டு ஆட்டோவுல ஏறிடு.

அம்மா சொல்ற மாதிரி ஏதோ கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிச்ச காணாக்கடி இல்ல இது. சாப்பிட்டத விஷம்னு நெனச்சு உடம்பே சண்டை போடுமாம். தொண்டை வீங்கி, பிரஷர் எறங்கி, உசுரே போயிடுமாம்."

கையெழுத்துப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டியவன் திரும்பி வந்தான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தனக்கு ஆகாது என்று அவள் சொன்னபோதெல்லாம், "மல்லாட்டை வெளையற வீட்டுக்கு வாக்கப்பட்டுட்டு என்ன பிகு?" என்று சிரித்தவன் அவன். தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்:

"நீ சும்மா சொல்றேன்னு நெனச்சு, நான்தான் சட்னியில ஒரு பிடி மல்லாட்டை போட்டு அரைச்சேன். என்ன சாப்பிட்டாங்கன்னு டாக்டர் கேட்டப்போ, வெறும் இட்லின்னு சொன்னேன். நீ தொண்டை அடைச்சுப் பேச முடியாம என்னையே பார்த்துட்டு இருந்தே. என் தொண்டைக்கு ஒண்ணும் ஆகல. ஆனாலும் நான் வாயத் தொறக்கல."