அப்பா காலி செய்த கோட்டை

என் தங்கக்கட்டிக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் முழங்காலைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெளிநாட்டுப் பயணம் முடிந்து நேற்றுதான் வீடு திரும்பினோம். அழுக்குத் துணி மூட்டை அப்படியே கிடக்கிறது, சித்தப்பா முந்திக்கொண்டு கை கால் வைத்துக் கதை சொல்வதற்குள் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவேன்.

நீயே வரைபடம் போட்டு வீடு கட்டி வீடியோவில் காட்டினாய். மேஸ்திரி அல்லவா, அப்பா எடுத்த எடுப்பில், "கூடத்துச் சுவர் சாஞ்சிருக்கே, இதெல்லாம் ஒரு சுவரா" என்று கேட்டதும், நீ பட்டென்று போனை வைத்ததும், அன்றிலிருந்து அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவர் முறுக்கிக்கொண்டு திரிவதும் உனக்கே தெரியும். உன்னைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு இடம் பார்த்தால் மனுஷன் கொஞ்சம் இளகுவார், அப்படியே பேசி உன்னிடம் கூட்டி வரலாம் என்றுதான் சித்தப்பாவைத் தூண்டிவிட்டு, அத்தையையும் சேர்த்துக்கொண்டு இந்தப் பயணத்தையே கிளப்பினேன்.

மலைமேல் ஒரு பழங்காலக் கோட்டை. கல் ஒவ்வொன்றும் நம் சமையலறை அளவு இருக்கும். வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து வாயைப் பிளந்து நிற்கிறார்கள், உன் அப்பா மட்டும் துணிக்கு நடுவே ஒளித்துக் கொண்டுவந்த, சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் கட்டிப் பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்துச் சுவரோரம் தொங்கவிடுகிறார். கையைக் கிள்ளிப் பார்த்தேன், மனுஷன் அசையவில்லை. நூல் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். சட்டென்று முகம் வெளிறி, சாரம் சரியும்போது மேஸ்திரிகள் போடுவார்களே அந்தக் கத்தல், "விலகு!" என்று ஒன்று போட்டார். நம் வீட்டுப் பழக்கம்தான் தெரியுமே, அந்தச் சத்தம் கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, ஓட வேண்டும். ஓடினோம். காலையிலிருந்து இடுப்புவலி என்று சித்தப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டு வந்த அத்தை, அவரைத் தள்ளிவிட்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். எங்களைப் பார்த்து ஒரு தொப்பிக்காரர் ஓட, அவர் பின்னால் ஒரு பஸ் கூட்டமே ஓட, டிக்கெட் கிழிப்பவரும் போட்டது போட்டபடி ஓடினார். எந்தப் படைக்கும் காலியாகாத கோட்டையாம் அது, உன் அப்பா காலி செய்துவிட்டார்.

வழிகாட்டிப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். மூச்சு வாங்க வந்து யார் கத்தியது என்று கேட்டாள். அத்தை கூடப் பிறந்த தம்பி என்றும் பாராமல், கூசாமல் உன் அப்பாவைக் கைகாட்டிவிட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அடிக்கடி பூமி அதிரும் இடம், அதைத் தாங்க வேண்டும் என்றுதான் சுவரை உள்பக்கமாகச் சாய்த்தே கட்டியிருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னாள், சித்தப்பா தமிழில் சொன்னார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. திரும்ப உள்ளே போன கூட்டத்தில் பாதிப்பேர் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டது அதைவிடக் கொடுமை.

பஸ்ஸில் ஏறியதும் தூக்குக்குண்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பாதி வழியில், "கட்டுனவங்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்ல" என்றார். ஆமாம், பழைய காலத்து ஆட்கள் இல்லையா என்றேன். "கோட்டையச் சொல்லல. நான் அவகிட்ட ஏன்னு ஒரு வார்த்த கேட்டேனா" என்றார். கேட்கவில்லை என்று சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, நல்லவேளை அத்தையின் குறட்டையில் யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அப்பாவும் நானும் உன் வீட்டுக்கு வருகிறோம். வந்ததும் பழசைக் கிளறாதே. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். குளிரில் ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே, எத்தனை தடவை சொல்வது.

உன்னைக் கட்டிக்கொள்ள நாள் எண்ணும்
அம்மா

நான் உறையை ஒட்டுவதற்குள் உன் அப்பா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்:

உன் கூடத்துச் சுவரை ஏன் சாய்த்தாய், கண்ணு? நீ சொல்லு, நான் கேட்கிறேன்.